வயலைவிட உயரத்தில் ஓடும் படகு

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடப் போகிறது. நண்பரோடு ஆலப்புழை போவதாகவும், கையிலிருக்கும் பணத்துக்கு ஹவுஸ்போட் கட்டுப்படியாகாது என்றும் சொன்னீர்கள். அதற்காக வருத்தப்பட வேண்டாம். நானும் என் கல்லூரித் தோழனும் ஒரு ஜனவரியில் அங்கே மூன்று நாள் சுற்றினோம். படகுக்குக் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுகூட வரவில்லை. அந்தப் பக்கம் தண்ணீர்தான் தெரு. நம் ஊரில் டவுன் பஸ் ஓடுவதுபோல அங்கே அரசுப் படகு ஓடுகிறது.

முதலில் ஊர் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ரயில் நிலையம் மேற்கே, கடற்கரைக்குப் பக்கத்தில். படகுத்துறை கிழக்கே, காயல் பக்கத்தில். நடுவே ஊரை ஊடுருவிக்கொண்டு இரண்டு கால்வாய்கள் ஏறக்குறைய இணையாகப் போகின்றன. ஒன்று வாடத்தோடு, மற்றது கமர்ஷியல் கனால். மலையாளத்தில் தோடு என்றால் ஓடை, கால்வாய்.

இந்தக் கால்வாய்கள் வேடிக்கை பார்க்க வெட்டியவை அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் ஆலப்புழையைத் துறைமுகமாக வளர்த்தார். மலையிலிருந்து மிளகும் ஏலமும், உள்ளூரிலிருந்து கயிறும் காயல் வழியாக வள்ளத்தில் வரும். கால்வாய்க்குள் நுழைந்து கடற்கரைக் கிட்டங்கிகளில் இறங்கும். அங்கிருந்து கப்பல். கப்பல் நிற்க ஏன் இந்த இடம்? இந்தக் கரையோரக் கடலில் மழைக்காலத்தில் குழைசேறு திரண்டு நிற்கும். சாகரை என்கிறார்கள். சேறு அலையின் வேகத்தை உறிஞ்சிவிடுவதால், சுற்றிலும் கடல் கொந்தளிக்கும்போதும் அந்த இடம் மட்டும் அடங்கிக் கிடக்கும். மீனும் அங்கே வந்து கூடும்.

முதல் நாள் காலை அந்தக் கால்வாய்க் கரையிலேயே நடங்கள். கடற்கரையில் 1862-இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம் இருக்கிறது. பழைய கடற்பாலத்தின் தூண்கள் மட்டும் தண்ணீரில் நிற்கும். ஊருக்குள் அரை நாள் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

மறுநாள் படகுத்துறைக்குப் போங்கள். கேரள அரசுப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. கோட்டயம் போகும் படகில் ஏறுங்கள். ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம், கட்டணம் இரண்டு பேர் டீ குடிக்கும் காசுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் கூடையோடு பெண்கள், அரிசி மூட்டை, சிலிண்டர் எல்லாம் உங்களோடு வரும். ஒவ்வொரு துறையிலும் ஊழியர் ஒருவர் கயிற்றோடு குதித்து இறங்கி, மரக்குற்றியில் சுற்றிப் படகை இழுத்து நிறுத்துவார். ஆள் இறங்கியதும் கயிற்றை உருவிக்கொண்டு ஏறுவார். அரை நிமிஷ வேலை.

கொஞ்ச தூரம் போனதும் நான் ஒன்றைக் கவனித்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றேன். கரைக்கு அந்தப் பக்கம் நெல் வயல். அது படகைவிடத் தாழ்வாக இருந்தது! நம் ஊரில் வயலுக்கு மேலேயிருந்து தண்ணீர் பாயும், ஆனால் ஆறே வயலுக்கு மேலே ஓடிப் பார்த்ததில்லை. என் தோழன் பார்வைக் கோளாறு என்றே நினைத்தான். பக்கத்திலிருந்த பெரியவர்தான் பொறுமையாகச் சொன்னார்.

இந்தப் பகுதி குட்டநாடு. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் என்று நான்கு ஆறுகள் வந்து வேம்பநாட்டுக் காயலில் கலக்கும் சதுப்பு. வயல்கள் கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் கீழே கிடக்கின்றன. காயலையே கரை கட்டி அடைத்து வயலாக்கினார்கள். தென்னங்குற்றிகளை வரிசையாக அடித்து, மூங்கில் தட்டி கட்டி, நடுவில் மணலும் தழையும் சேறும் நிரப்பிக் கரை எழுப்புவார்கள். அந்தச் சேறு காயலின் அடியிலிருந்து வந்தது. ஆட்கள் மூச்சடக்கி மூழ்கிக் கையால் அள்ளி வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தலித் தொழிலாளர்கள். 1940-களில் முரிக்கன் என்ற நிலக்கிழார் உருவாக்கிய மூன்று பெரிய காயல் நிலங்களுக்குச் சித்திரா, மார்த்தாண்டம், ராணி என்று அரச குடும்பத்தார் பெயர்கள் அமைந்தன. மூழ்கி அள்ளியவர்களின் பெயர் எந்த வயலுக்கும் இல்லை. அங்கே போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை.

கரை கட்டியாயிற்று, உள்ளே நிற்கும் தண்ணீர்? அதை இறைக்கப் ‘பெட்டியும் பறையும்’ என்றொரு சாதனம். செங்குத்தாக நிற்கும் மர உருளை பறை. அதற்குள் விசிறி சுழன்று தண்ணீரை மேலே தள்ளும். தலைமாட்டில் கிடைவாக்கில் பொருத்திய பெட்டி வழியாக அது கரை தாண்டி ஆற்றில் விழும். முன்பு ஆள் மிதிக்கும் சக்கரத்தால் இறைத்தார்கள், இப்போது மோட்டார். மழைக்காலம் முழுக்க வயல் தண்ணீருக்கடியில்தான். மழை ஓய்ந்ததும் இறைத்து, அக்டோபர், நவம்பரில் விதைத்து, மார்ச், ஏப்ரலில் அறுப்பார்கள். இதற்குப் புஞ்சைப் பயிர் என்று பெயர். நம் புஞ்சையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அறுத்த வயலில் வாத்துக் கூட்டத்தை விட்டுச் சிந்திய நெல்லை மேய விடுவதும் உண்டு. 2013-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இந்தச் சாகுபடி முறையை உலக வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்தது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கோடையில் ஆறுகள் வற்றினால் கடலின் உப்பு உள்ளே ஏறும். அதைத் தடுக்க 1970-களில் தண்ணீர்முக்கத்தில் காயலுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டினார்கள். அதை மூடினால் நெல் பிழைக்கிறது. ஆனால் மீன் ஏறி இறங்கும் பாதை அடைபடுகிறது, உப்பு பட்டால் கருகும் ஆகாயத்தாமரை உள்ளே தழைக்கிறது, அழுக்கும் தேங்குகிறது. விவசாயிக்கும் மீனவருக்கும் இதனால் இன்றுவரை வழக்கு. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

வழியில் நிறைய ஹவுஸ்போட்டுகளைப் பார்ப்பீர்கள். அவற்றின் முன்னோர் கெட்டுவள்ளம். நம் ‘கட்டு’தான் அங்கே ‘கெட்டு’. ஆணி அடிக்காமல், ஆயினிப் பலகைகளைக் கயிற்றால் கட்டித் தைத்த சரக்கு வள்ளம். நெல்லும் மிளகும் சுமந்தது. லாரி வந்து அதன் வேலை போனபின், 1990-களில் அறை கட்டிச் சுற்றுலாவுக்கு விட்டார்கள். அழகுதான். ஆனால் பெரிய படகு சிறிய தோட்டுக்குள் நுழைய முடியாது. வீட்டு வாசலில் பாத்திரம் கழுவுகிறவர்களையும், படகுக்குக் கையசைத்து ஓடி வரும் பிள்ளைகளையும் பக்கத்திலிருந்து காட்டுவது அரசுப் படகுதான்.

குட்டநாட்டைச் சுற்றி எங்கும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை. குடத்தோடு படகில் போகிறவர்களை நீங்களே பார்ப்பீர்கள். ஆகவே பாட்டிலை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், காலியானதைக் காயலில் எறியாமல் கையோடு கொண்டுவாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போனால் பச்சை வயல் தெரியும். திரும்பி வரக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை, ஏறும்போதே டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டுவிடுங்கள்.