மலையில் ஒரு வாடகைச் சமையலறை

ஒரு முழு வீட்டைச் சில நாட்களுக்கு வாடகைக்கு எடுத்து, தங்குபவர்களே சமைத்து உண்டு திரும்பும் முறை, உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை ஆகிய மலை ஊர்களில் காட்டேஜ், வில்லா, பங்களா எனப் பல பெயர்களில் வழங்கிவருகிறது. பெயர் எதுவாயினும், விடுதி அறையிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது சமையலறை ஒன்றே. உணவில் கட்டுப்பாடுள்ள முதியவரும், பருப்புச் சாதத்தைத் தவிர வேறெதையும் தொடாத குழந்தையும், இரவு பதினொரு மணிக்குச் சுக்குக் காப்பி கேட்கும் பெரியம்மாவும் ஒன்றாகப் பயணம் செய்யும் குடும்பங்கள் இம்முறையை நாடுவதற்கு அந்தச் சமையலறையே காரணம். ஆனால் வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இணையத்தில் காட்டப்படும் படங்களில் பள்ளத்தாக்கும் படுக்கையறையும் நிறைந்திருக்க, அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் இடம்பெறுவது அரிது.

இந்த ஊர்களில் சிலவற்றின் தொடக்கமே தங்கும் வீடுகள்தாம். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன், கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் 1819இலும், பின்னர் 1822இல் உதகையிலும் கட்டத் தொடங்கிய பங்களாக்களிலிருந்து நீலகிரியின் நகர வரலாறு கிளைக்கிறது. கொடைக்கானலில் 1845இல் அமெரிக்க மிஷனரிகள் எழுப்பிய வீடுகளைச் சுற்றியே ஊர் வளர்ந்தது. அன்று வந்தவர்கள் சமையல்காரர்களோடும் மளிகையோடும் வந்து மாதக்கணக்கில் தங்கியதால், மலையின் தண்ணீரும் விறகும் மழையும் அவர்களுக்குப் பழகிப்போயின. இன்று இரண்டு இரவுகளுக்கு வந்துபோகும் குடும்பத்திற்கு அந்தப் பழக்கம் வாய்ப்பதில்லை என்பதால், அதன் இடத்தை முன்பதிவுக்கு முன் கேட்கப்படும் கேள்விகள்தாம் நிரப்ப வேண்டியிருக்கிறது.

அக்கேள்விகளுள் முதலாவது, அந்த வீடு வாடகைக்கு விடப்படுவதற்கு உரிமம் பெற்றிருக்கிறதா என்பது. உரிமையாளர் தம் குடும்பத்தோடு வாழும் வீட்டில் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை விருந்தினருக்குத் தருவதையே மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டம் ஹோம்ஸ்டே என வரையறுக்கிறது. உரிமையாளர் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்க, காவலாளி மட்டும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் வீடு இந்த வரையறைக்குள் வராது. எனவே விளம்பரத்தில் உள்ள பெயரை நம்பாமல், உள்ளாட்சி அமைப்பு அளித்த உரிமத்தின் நகலைக் கேட்டுப் பார்ப்பதே முறை. நேர்மையான உரிமையாளர் இதைக் கேட்டுச் சினம் கொள்வதில்லை. உரிமத்தோடு வீடு நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். நீலகிரியில் மசினகுடியை உள்ளடக்கிய சீகூர் பீடபூமியில், யானைகள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குக் கடந்து செல்லும் வழித்தடத்தில் அமைந்திருந்த தங்கும் விடுதிகள் பல, உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2018இல் சீல் வைக்கப்பட்டன. அந்த வழித்தட அறிவிப்பு செல்லுபடியாகும் என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது. பணம் கட்டி முடித்த பின் வாசலில் சீல் வைத்திருப்பதைக் காணும் நிலை யாருக்கும் வரலாம் என்பதைவிட, யானை நடக்கும் பாதையை அடைத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு அறியாமலேயே வாடகை கொடுக்க நேரலாம் என்பதே கூடுதலாகக் கவலைப்படத்தக்கது.

வீடு நிற்கும் சரிவும் இதனோடு சேர்த்து எண்ணப்பட வேண்டும். உதகையின் மேற்குப் பகுதியும் கூடலூரும் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையைப் பெற, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பகுதிகளுக்கு அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை வலுவாக வருகிறது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி வட்டாரங்களில் கொட்டிய மழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழை மாதங்களில் வாடகை குறைகிறது என்பதற்காகப் புதிதாக மண் வெட்டி நிரவிய மனையில் நிற்கும் வீட்டைத் தேர்ந்தெடுப்பது சேமிப்பாகாது.

சமையலறையைப் பொறுத்தவரை, மலை தனக்கென்று ஒரு பௌதிகத்தை வைத்திருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஒரு டிகிரி இறங்குகிறது எனக் கொண்டால், 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதிக்கும். அதற்கு மேல் எவ்வளவு தீயை ஏற்றினாலும் நீர் ஆவியாகுமேயன்றி வெப்பம் கூடாது. சென்னையில் திறந்த பாத்திரத்தில் இருபது நிமிடங்களில் வெந்த அரிசி, உதகையில் அதே நேரத்தில் நடுவில் விதையோடு நிற்பதும், துவரம் பருப்பு மணிக்கணக்கில் கரையாமல் கிடப்பதும் இதனால்தான். நீராவியை உள்ளே அடைத்து அழுத்தத்தையும் வெப்பத்தையும் உயர்த்தும் பிரஷர் குக்கர், சமவெளியில் நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரு வசதி. மலையில் அதுவே சோற்றுக்கு அடிப்படை. ஆகவே வீட்டில் எத்தனை படுக்கைகள் என்று கேட்கும்போதே, எத்தனை லிட்டர் குக்கர் இருக்கிறது, அதன் கேஸ்கட் இறுகப் பிடிக்கிறதா என்றும் கேட்பது பொருந்தும். ஐயமிருந்தால் வீட்டுக் குக்கரையே வண்டியில் ஏற்றிவிடலாம். இட்லி மாவு டிசம்பர் குளிரில் இரவு முழுதும் வைத்தாலும் பொங்குவதில்லை என்பதால், புளித்த மாவைச் சமவெளியிலிருந்தே கொண்டுசெல்பவர்கள் விவரமறிந்தவர்கள்.

எரிவாயுவில் இன்னும் கவனம் வேண்டும். வீட்டு உபயோகத்திற்குரிய 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரை வணிக நோக்கில் பயன்படுத்த அனுமதியில்லை. அதற்கென 19 கிலோ சிலிண்டர் தனியே இருக்கிறது. நாள் வாடகைக்கு விடும் வீட்டின் அடுப்படியில் எந்த சிலிண்டர் நிற்கிறது என்பதிலிருந்து உரிமையாளர் விதிகளை எவ்வளவு மதிக்கிறார் என்பதை ஓரளவு அறியலாம். காற்றோட்டமில்லாத குளியலறையில் பொருத்திய கேஸ் கீசரும், குளிருக்காக அறைக்குள் எடுத்துவரப்படும் கரியடுப்பும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவை வெளியிடுகின்றன. நிறமும் மணமும் இல்லாத அவ்வாயு, இரத்தம் பிராணவாயுவைச் சுமந்துசெல்லும் ஆற்றலைத் தடுப்பதால், உறங்குபவர் விழிக்காமலேயே உயிரிழக்கக்கூடும். இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்து உறங்கியவர்களின் உயிர் கொடைக்கானலில் இவ்வாறே பிரிந்திருக்கிறது. உரிமையாளர் பார்பிக்யூ வசதி உண்டு என்று பெருமையாகச் சொல்லும்போது, அது முற்றத்தில் மட்டுமே என்ற உறுதியையும் சேர்த்துப் பெற வேண்டும். இதை வலியுறுத்துவதில் எந்தக் கூச்சமும் தேவையில்லை.

முன்பதிவின் பண விவகாரத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். முன்பணம் எவ்வளவு, எத்தனை நாட்களுக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், காப்புத் தொகை எப்போது தரப்படும், சமையலுக்கு உதவ ஆள் வந்தால் கூலி தனியா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். சந்தை விலையில் பாதிக்கு வீட்டைக் காட்டி, உடனே முழுப் பணத்தையும் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்லும் விளம்பரங்களை விலக்கிவிடுவதே நல்லது. ஏமாந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்தால், பணம் கைமாறுமுன் முடக்கப்பட வாய்ப்புண்டு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் உடன் வந்தால், அவரது வருகையை உரிமையாளர் 24 மணி நேரத்திற்குள் அரசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்பதால், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வீடு உறுதியானாலும் வழி உறுதியாகிவிடுவதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் என்னும் இணைய அனுமதிச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. 2025 கோடைச் சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு வகுக்கப்பட்டது. வாடகைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்வதும், இடமில்லையெனில் அரசுப் பேருந்தில் ஏறிவிடுவதும் உகந்தவை. மளிகையில் பாதியை மலையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்பதால் பேருந்துப் பயணம் பெரும் சுமையாகவும் இராது. உதகை உழவர் சந்தையின் கேரட்டும் பீட்ரூட்டும், புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டும் சமவெளிக்கு வந்து வாடிய பின் வாங்குவதைவிடச் சுவையானவை.

தண்ணீரைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போகிறது. கோடைச் சீசனின் கூட்டம் வந்து சேரும் ஏப்ரலும் மே மாதமும்தான் ஊருக்குத் தண்ணீர் குறையும் மாதங்கள். அப்போது பல வாடகை வீடுகள் லாரித் தண்ணீரில் நடக்கின்றன. பத்துப் பேர் இரண்டு வேளை குளித்துத் துணி துவைக்கும் வழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வரும் குடும்பம், அடுத்த தெருவில் குடத்தோடு காத்திருப்பவரின் பங்கைத் தொடாமல் திரும்பும். குடிநீர் பாட்டில்களுக்கும் இடமில்லை. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில்கள் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், கொதிக்கவைத்து ஆறிய நீரை நிரப்பிக்கொள்ள எவர்சில்வர் கூஜாக்களே போதும்.

சமைத்த வீட்டில் மிச்சம் சேரும். குன்னூர், கோத்தகிரி பக்கம் கரடிகள் எண்ணெய்க்கும் வெல்லத்திற்கும் உணவின் வாடைக்கும் வீடுகளின் கதவை உடைத்து நுழைவதும், காட்டெருமைகள் தெருவிலேயே நிற்பதும் அங்கு வாழ்பவர்களின் அன்றாடம். இரவில் பின்வாசலில் வைத்த எலும்புப் பை, விருந்தினர் ஊர் திரும்பிய பின்னும் அந்தக் கரடியை அதே வாசலுக்கு அழைத்துவரும். அப்போது அங்கே நிற்பவர் காவலாளியோ அவர் மனைவியோதான். எனவே குப்பை எங்கே சேர்கிறது, நகராட்சி வண்டி எந்தக் கிழமையில் வருகிறது, அதுவரை எந்த மூடிய அறையில் வைப்பது என்பவற்றையும், வாடகை பேசும் அதே அழைப்பில் கேட்டுக்கொள்ள வேண்டும்.