ஏட்டில் ஏறாத பெயர்

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நாம் முதலில் தேடுவது நம் பெயரைத்தான். நன்கு எழுதித் தேறிய ஒருவரின் பெயர் பட்டியலில் இல்லையென்றால் எப்படியிருக்கும்? நாம் வாழும் கொல்கத்தாவின் கல்வி வரலாற்றில் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு.

கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. அதன் நுழைவுத் தேர்வைத் தொடக்கத்தில் ஆண்களே எழுதினர். 1876இல் டேராடூனில் பயின்ற சந்திரமுகி பாசு என்னும் மாணவி அத்தேர்வை எழுத விழைந்தார். பல்கலைக்கழகம் சிறப்பு இசைவு அளித்தது. ஆயினும், தேறியோர் பட்டியலில் அவர் பெயர் இடம்பெறாது என்றும் விதித்தது. சந்திரமுகி தேர்ச்சிக்குரிய தகுதியை அடைந்தார். பட்டியலிலோ அவர் பெயர் இல்லை.

பெண்களும் தேர்வெழுதலாம் எனப் பல்கலைக்கழகம் 1878இல் தீர்மானித்தது. அவ்வாண்டுத் தேர்வில் காதம்பினி பாசு தேறினார். முதற்பெண் என்னும் புகழும் பெற்றார். அப்புகழுக்கு அவர் தகுதியுடையவரே. எனினும், அவருக்கு முன்னரே ஒருவர் தேறியிருந்தார் என்பதைப் பலர் அறியவில்லை. 1883இல் இருவரும் பெத்யூன் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்றனர். சந்திரமுகி மறு ஆண்டு முதுகலைப் பட்டமும் பெற்றார். பின்னர் அக்கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார்.

உழைத்துப் பெற்ற தேர்ச்சியும் ஏட்டில் ஏறாவிடில் உலகிற்குப் புலப்படாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இன்று நம் நாட்டில் யாவருடைய தேர்ச்சியையும் பதிந்து காக்க ஏற்பாடுகள் உள்ளன. 2015இல் தொடங்கிய டிஜிலாக்கரில் மதிப்பெண் சான்றிதழ்களைப் பெறலாம். மாணவர் ஒவ்வொருவருக்கும் 12 இலக்கங்கள் கொண்ட அபார் எண் வழங்கப்படுகிறது. பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் நம்மைப் போன்றோர்க்கு இவை பெருந்துணையாகும்.

ஆனால், கணினி நாம் இட்டதையே காக்கும். பிழையை இட்டால் பிழையையே காக்கும். தந்தை பெயரின் முதலெழுத்தை நம் பெயருக்கு முன் எழுதுவது தமிழர் வழக்கம். பிற மாநிலப் படிவங்களிலோ குடும்பப் பெயர் கேட்கப்படும். அவ்விடத்தில் ஒருமுறை முதலெழுத்தையும் மறுமுறை தந்தையின் முழுப்பெயரையும் எழுதினால், ஒரே மாணவர் இரு ஆவணங்களில் இருவராகத் தோன்றுவார். பின்னாளில் கல்லூரியில் சேரும்போதும் பணிக்கு விண்ணப்பிக்கும்போதும் அது இடராக முடியும்.

எனவே, ஒன்பதாம் வகுப்பில் வாரியத்திற்குப் பெயர் அனுப்பும் முன்னரே பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரிலோ பிறந்த நாளிலோ வேறுபாடு இருப்பின் வகுப்பாசிரியரிடம் உடனே தெரிவியுங்கள். சந்திரமுகியின் பெயரை விதி மறைத்தது; நம் பெயரை நம் கவனக்குறைவு மறைத்துவிடலாகாது.

சொற்பொருள்
இசைவு – அனுமதி
விழைந்தார் – விரும்பினார்
இடர் – துன்பம்

வினாக்கள்
1. தேறியோர் பட்டியலில் சந்திரமுகியின் பெயர் இடம்பெறாமைக்குக் காரணம் யாது?
2. ஒரே மாணவர் இரு ஆவணங்களில் இருவராகத் தோன்றுவது எவ்வாறு?
3. உம் ஆவணங்களில் உம் பெயர் எழுதப்பட்டுள்ள முறையை ஒப்பிட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.