கால்நடைப் பணியாளரின் தொடர் பயிற்சி: உங்கள் குடும்ப நலனுக்கு அது ஏன் தேவை?

நீண்ட நாள் காய்ச்சலுடன் வருவோரிடம், "வீட்டில் மாடு, ஆடு உள்ளதா? அண்மையில் கன்று ஈன்றதா?" என்று மருத்துவர் கேட்பதுண்டு. காய்ச்சலுக்கும் மாட்டுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியப்படையலாம். கறவை மாடு வளர்ப்பு பல குடும்பங்களின் வாழ்வாதாரமாக உள்ள திருவண்ணாமலை மாவட்டத்தில் இக்கேள்வி இன்றியமையாதது. விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்கள் பல முதலில் தோன்றுமிடம் மாட்டுத் தொழுவமே. அங்கு முதலில் வந்து பார்ப்பவர் பெரும்பாலும் கால்நடை ஆய்வாளர், கால்நடை பராமரிப்பு உதவியாளர் அல்லது சினை ஊசி போடும் பணியாளர். அவருடைய அறிவு காலத்திற்கேற்பப் புதுப்பிக்கப்பட்டிருந்தால், நோய் உங்கள் வீட்டிற்குள் நுழையும் முன்பே தடுக்கப்படும்.

யார் எதைச் செய்யலாம்?

1984ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவரே முழுமையான சிகிச்சை அளிக்கலாம். தடுப்பூசி போடுதல், காயத்திற்குக் கட்டுப் போடுதல், காயடித்தல் போன்ற சிறு பணிகளை, உரிய சான்றிதழ் பெற்ற பணியாளர்கள் மாநில அரசின் அனுமதியுடன், கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம். ஆகவே, பணியாளர் "இதை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்" என்று கூறினால், அதை அவரது திறமைக் குறைவாகக் கருத வேண்டாம். தமது எல்லையை அறிந்திருப்பதும் நல்ல பயிற்சியின் அடையாளமே.

ஒருமுறை படித்தது ஏன் போதாது?

நோய்களும் தடுப்பு முறைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. மாடுகளின் உடலெங்கும் கட்டிகளை உண்டாக்கும் தோல் கழலை நோய் இந்தியாவில் முதன்முதலாக 2019இல் கண்டறியப்பட்டது. அதற்கு முன் பயிற்சி முடித்த பணியாளர் அந்நோயை நேரில் கண்டிருக்க வாய்ப்பில்லை. அந்நோய் மனிதருக்குப் பரவாது. இதைத் தெளிவாகக் கூறத் தெரிந்த பணியாளர் ஊரில் எழும் வீண் அச்சத்தைப் போக்கிவிடுவார்.

அதே 2019இல், கோமாரி நோயையும் கன்று வீச்சு நோயையும் கட்டுப்படுத்தத் தேசிய அளவிலான திட்டம் தொடங்கப்பட்டது. அதன்படி 4 முதல் 8 மாத வயதுடைய கிடேரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி போடப்படுகிறது. இத்தடுப்பூசியில் உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமி உள்ளது. ஊசி தவறிக் கையில் குத்தினாலும், மருந்து கண்ணில் தெறித்தாலும் மனிதருக்குத் தொற்று ஏற்படலாம். கையுறையும் கண்ணாடியும் அணிவது, கன்றைப் பிடித்திருப்பவரையும் பாதுகாப்பது ஆகியவை தொடர் பயிற்சியில் வலியுறுத்தப்பட வேண்டிய பாடங்கள்.

1989இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் ஒன்று திருவண்ணாமலையிலும் உள்ளது. கால்நடை வளர்ப்போரும் அங்குப் பயிற்சி பெறலாம்.

நீங்கள் அறிந்திருக்க வேண்டிய மூன்று நோய்கள்

1. ரேபிஸ் (வெறிநோய்): நாய் கடித்த மாட்டுக்கும் இந்நோய் வரும். எச்சில் வடிதல், விழுங்க இயலாமை, குரல் மாறிக் கத்துதல், பின்னங்கால் தள்ளாடுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று எண்ணி, வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பது பேராபத்து. நோய் அறிகுறி மனிதரிடம் தோன்றியபின் உயிர் பிழைப்பது மிக அரிது. ஆனால் உரிய நேரத்தில் தடுப்பூசி போட்டால் முழுமையாகத் தடுக்கலாம்.

எச்சில் பட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். பால் கறக்கும் கைகளில் கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புகள் இருக்கக்கூடும் என்பதால், "காயம் இல்லை" என்று நீங்களே முடிவு செய்யாமல் அன்றே அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். தோலினுள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தடுப்பூசி போடப்படும். கடி ஆழமாக இருந்தாலோ, காயத்தில் அல்லது கண், வாய் ஆகியவற்றில் எச்சில் பட்டிருந்தாலோ, காயத்தில் செலுத்தும் எதிர்ப்புப் புரத மருந்தும் தேவைப்படும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தயக்கமின்றிப் போட்டுக்கொள்ளலாம். கால்நடைப் பணியாளர்கள் முன்கூட்டியே மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

2. கன்று வீச்சு நோய் (புருசெல்லோசிஸ்): சினை மாடு கடைசி மாதங்களில் கன்றை வீசுவது இதன் முக்கிய அறிகுறி. நஞ்சுக்கொடியை வெறும் கையால் எடுப்பதாலும், காய்ச்சாத பாலைக் குடிப்பதாலும் மனிதருக்குப் பரவுகிறது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்த்தல், மூட்டுவலி, முதுகுவலி, ஆண்களுக்கு விதைப்பை வீக்கம் ஆகியவை காணப்படலாம். சிகிச்சை குறைந்தது 6 வாரம் நீடிக்கும். காய்ச்சல் நின்றவுடன் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்ப வரக்கூடும்.

3. அடைப்பான்: மாடு திடீரென இறந்து, மூக்கு, ஆசனவாய் வழியே உறையாத கருநிற இரத்தம் வடிந்தால் உடலை அறுக்கவோ தோலை உரிக்கவோ கூடாது. கிருமியின் விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிர்வாழும். இத்தகைய மாட்டைத் தொட்டபின் தோலில் வலியற்ற கறுத்த புண் தோன்றினால் உடனே மருத்துவரை அணுகவும்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

• பாலைப் பொங்கக் காய்ச்சிய பின்னரே பருகுங்கள்.
• மாடு ஈனும்போதும் கன்று வீசியபோதும் கர்ப்பிணிகளும் சிறுவர்களும் அருகில் செல்ல வேண்டாம். நஞ்சுக்கொடியை நாய்க்குப் போடாமல், கையுறை அணிந்து எடுத்துச் சுண்ணாம்பிட்டு ஆழமாகப் புதையுங்கள்.
• கார்த்திகைத் தீபத்தையொட்டி நடைபெறும் மாட்டுச் சந்தையிலோ வேறு இடத்திலோ வாங்கிய மாட்டைச் சில வாரங்கள் தனியே கட்டுங்கள். கன்று வீச்சு நோய்க்கான இரத்தப் பரிசோதனை குறித்துக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.
• வருகின்ற பணியாளரிடம், "கையுறை வைத்திருக்கிறீர்களா? புதிய ஊசியா?" என்று மரியாதையுடன் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சோப்பும் தண்ணீரும் எடுத்து வைப்பது உங்கள் கடமை.
• வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் இருந்தால், தொழுவத்தில் நடந்ததையும் மருத்துவரிடம் மறக்காமல் கூறுங்கள். மாட்டுக்கு வந்த நோய் இன்னதென்று கால்நடைப் பணியாளர் கூறியிருந்தால் அதையும் தெரிவியுங்கள். நோயைக் கண்டறியும் நாட்கள் அதனால் குறையும்.

கால்நடை மருத்துவ ஊர்திச் சேவைக்கு 1962, மனிதருக்கான மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108 ஆகிய எண்களை அழைக்கலாம். வெறிநோய் கண்ட விலங்கின் எச்சில் உங்கள் மீது பட்டிருந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.