எத்தனை வயது என்ற கேள்வி

1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் செம்புறாங்கல் சரளை வெட்டிய ஒரு குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் அலுவலர் அவர். பாறைகளைப் பார்த்து வரைபடம் போடுவதுதான் அவருடைய உத்தியோகம். அந்தக் கல் தானாக உடைந்ததல்ல, மனிதக் கை செதுக்கியது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், பிரான்சில் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கோடரிகள் மிகத் தொன்மையானவை என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டில் வில்லியம் கிங் என்ற சக அலுவலரோடு கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் போன ஃபூட், அத்திரம்பாக்கத்திலும் அப்படிப்பட்ட கற்களைக் கண்டார்.

அவை எவ்வளவு பழையவை? ஃபூட்டிடம் இருந்த ஒரே கருவி மண்ணடுக்கு. எது மேலே, எது கீழே என்று பார்த்து, இது அதற்கு முந்தியது, அது இதற்குப் பிந்தியது என்று சொல்லலாம். ஆண்டுக் கணக்கு சொல்ல முடியாது. அவர் சொல்லவும் இல்லை. அவர் திரட்டிய கற்கள் 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. 1912இல் அவர் காலமானார். தான் எடுத்த கல்லின் வயதை அறியாமலேயே போனார்.

அத்திரம்பாக்கத்தின் கற்களுக்கு எண் கிடைத்தது 2011இல். சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 1999 முதல் அங்கே தோண்டிவந்தார்கள். நிலவியலர், தொல்லியலர், இயற்பியலர் எனப் பலர் சேர்ந்து ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, கைக்கோடரிகள் கிடைத்த அடுக்குக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது சொன்னது.

அந்த எண் வந்த வழியைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. விண்வெளியிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்கள், தரையில் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லில் மோதி அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அரிய அணுக்களை உண்டாக்குகின்றன. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர் எட்டாது. புதிய அணுக்கள் பிறக்காது. ஏற்கெனவே இருப்பவை சிதைந்துகொண்டே போகும். அலுமினியம் விரைவில் சிதையும், பெரிலியம் மெல்லச் சிதையும். சேர்த்து ஏற்றிய இரண்டு விளக்குகளில் ஒன்று எண்ணெயை வேகமாகக் குடித்தால், மிச்சமிருக்கும் இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டு ஏற்றிய நேரத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா, அதைப் போன்றதுதான் இந்தக் கணக்கு. இந்த இயலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் தேவேந்திர லால். வாரணாசியில் பிறந்து, பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்து, பிறகு அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர். அவர் தேடியது கோடரிகளை அல்ல. விண்ணைப் பற்றிய கேள்வியோடு தொடங்கிய ஒரு துறை, கொசஸ்தலைக் கரையில் மண்ணுக்கடியில் கிடந்த கற்களுக்கு விடை தந்தது. ஆராய்ச்சிகள் பல விதமாக இருப்பதன் பயனுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. யார் எதற்காகச் செய்யும் வேலை, யாருடைய எந்தக் கேள்விக்குப் பயன்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கல்லுக்கு எண் இல்லாதிருந்த நாட்களில், நூலுக்கும் எழுத்துக்கும் வயது சொல்லப் புலவர்கள் தங்களுக்கென்று வழிகள் வைத்திருந்தார்கள். பெயர் பெற்றது கயவாகு வழி. சேரன் செங்குட்டுவன் பத்தினிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகுவும் இருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. மகாவம்சத்தில் வரும் முதலாம் கஜபாகு 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவன். இருவரும் ஒருவரே என்று கொண்டால் செங்குட்டுவன் காலம் தெரிந்துவிடும். அவனைக் கொண்டு மற்ற மன்னர்களையும் வரிசைப்படுத்தலாம். 1904இல் வி. கனகசபை வெளியிட்ட, தமிழரின் 1800 ஆண்டுக்கு முந்தைய வாழ்வைப் பற்றிய ஆங்கில நூல் இந்த வழியைப் பரவலாக்கியது. சங்க கால மன்னர் வரிசை நெடுங்காலம் இந்த ஒற்றை முடிச்சில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு வழி வானத்தைப் பார்த்தது. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட பஞ்சாங்கக் கணிதத் தொகுதிகள், கி.பி. 700 முதல் 1799 வரையுள்ள நாட்களுக்குத் திதி, நட்சத்திரக் கணக்கைத் தருபவை. ஒரு சோழக் கல்வெட்டில் ஆட்சியாண்டும் திதியும் கிழமையும் இருந்தால், அது எந்த நாள் என்று இன்றும் அந்தத் தொகுதிகளைப் புரட்டிச் சொல்லலாம். அதே கணிதத்தை அவர் இலக்கியத்துக்கும் கொண்டுபோனார். பரிபாடலின் 11ஆம் பாடல் தொடக்கத்தில் கோள்கள் நின்ற நிலை வருகிறது. அதிலிருந்து அவர் கி.பி. 634ஆம் ஆண்டுக்கு வந்து சேர்ந்தார். அதே வரிகளைக் கொண்டு வேறு ஆண்டுகளுக்குப் போனவர்களும் உண்டு. கூட்டல் கழித்தலில் யாரும் தவறவில்லை. எந்தக் கோள் எந்த ராசியில் நின்றதாகப் பாட்டு சொல்கிறது என்று படிப்பதில்தான் வேறுபட்டார்கள்.

எஸ். வையாபுரிப் பிள்ளை சொற்களைப் பார்த்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்தவர் என்பதால், எந்தச் சொல் எந்தக் காலத்தில் புழக்கத்துக்கு வந்தது என்பது அவர் விரல் நுனியில் இருந்தது. அதை வைத்து சிலப்பதிகாரத்தைப் பல நூற்றாண்டுகள் பின்னால் தள்ளினார். அதற்காக அவர் வாங்கிய வசை கொஞ்சமல்ல. அவருடைய முடிவுகள் பலவற்றை இன்று ஏற்க முடியாது. ஆனால் பெருமைக்காகக் காலத்தை நீட்டக் கூடாது என்ற அவருடைய உறுதியை நான் மிகவும் மதிக்கிறேன். இன்றைய ஆய்வுக்கூட எண்களுக்கும் அந்த உறுதி தேவைப்படுகிறது.

1945இல் நடந்ததுதான் பெரிய திருப்பம். இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர், புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் தோண்டினார். அங்கே கிடைத்த செந்நிறத் தட்டுகள் இத்தாலியின் அரெட்சோ நகரத்தில் செய்யப்பட்டவை. அவ்வகைத் தட்டுகள் எந்தப் பத்தாண்டுகளில் விற்பனையாயின என்பது ரோமானிய வரலாற்றாளர்களுக்கு முன்பே தெரியும், கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவோடு அவை நின்றுவிடுகின்றன. தட்டு கிடந்த அடுக்குக்குக் காலம் தெரிந்தது. அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானையோடுகளுக்கும், அவற்றில் கீறிய தமிழ் எழுத்துகளுக்கும் காலம் தெரிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு முதல் உறுதியான நங்கூரம் அதுதான். நங்கூரத்துக்கு ஒரு விலையும் இருந்தது. ரோமானியர் வந்த பிறகே அந்த ஊர் உருவானது என்று வீலர் எண்ணிவிட்டார். விமலா பெக்லியும் கே.வி. ராமனும் 1989 முதல் 1992 வரை அங்கே மீண்டும் தோண்டியபோது, ரோமானியத் தொடர்புக்கு முன்பே அரிக்கமேடு ஓர் ஊராக இருந்தது தெரிந்தது. தெரிந்த காலத்தைக் கொண்டு தெரியாததை அளந்தால், தெரிந்ததன் எல்லையிலேயே சிந்தனை நின்றுவிடுகிறது.

வில்லார்ட் லிப்பி கார்பன்-14 முறையை 1949இல் வெளியிட்டார். உயிரோடிருக்கும் வரை மரமும் நெல்லும் காற்றிலிருந்து கார்பன்-14ஐ எடுத்துக்கொண்டே இருக்கும். செத்த பிறகு அது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். தொடக்கத்தில் இதற்குக் கைப்பிடி அளவு கரி வேண்டும், அதை எரித்து அழிக்கவும் வேண்டும். இன்று அணுக்களையே எண்ணும் துகள்முடுக்கி முறையில் ஒரு நெல்மணி போதும். அகழாய்வுக் குழியின் பழக்கங்களையே இது மாற்றிவிட்டது. முன்பு மண்ணோடு தூக்கிப்போட்ட கரித்துண்டை இன்று கை படாமல் எடுத்து, ஆழத்தைக் குறித்து, தாளில் பொதிந்து வைக்கிறார்கள். மணலின் வயதைச் சொல்லும் ஒளியுமிழ் முறைக்கு மாதிரி எடுப்பவர்கள், வெயில் ஒரு நொடியும் படாதபடி குழாயை மண்சுவரில் அடித்து இறக்குகிறார்கள். அம்முறையில்தான் அத்திரம்பாக்கத்தின் பிற்பட்ட கருவிகளுக்கு 2018இல் 3,85,000 ஆண்டு என்ற காலம் கிடைத்தது. கூட்டல் கழித்தல் 64,000.

அந்தக் கூட்டல் கழித்தலைத்தான் நாம் படிக்காமல் விடுகிறோம்.

கீழடியை எடுத்துக்கொள்வோம். நான்காம் கட்ட அகழாய்வில் எடுத்த ஆறு கரிம மாதிரிகள் அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒன்றுக்கு கி.மு. 580 என்று முடிவு வந்ததாக 2019 அறிக்கை சொன்னது. எண் ஊரெங்கும் பரவியது, மகிழ்ச்சியோடு நானும் அதை வரவேற்றேன். ஆனால் கார்பன் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. காற்றில் கார்பன்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. மரவளையங்களோடு ஒப்பிட்டுத்தான் அதைத் திருத்துகிறார்கள். அந்தத் திருத்தக் கோடு, ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை மேடு பள்ளம் அதிகமில்லாத சமவெளியாகக் கிடக்கிறது. அதாவது கி.மு. 750இல் வெட்டிய மரமும் கி.மு. 450இல் வெட்டிய மரமும் ஆய்வுக்கூடத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டக்கூடும். தமிழ் எழுத்தின் தொடக்கத்தை நாம் தேடும் காலம் சரியாக அந்தச் சமவெளியில் விழுகிறது. 580 என்பது ஒரு நீண்ட இடைவெளிக்குள் உள்ள ஒரு புள்ளி. இந்த உண்மை கீழடியைச் சிறிதும் சிறுமைப்படுத்தாது. அந்தப் பழைய நகரத்தைப் பற்றி நேர்மையாகப் பேச விரும்புபவர்கள் இடைவெளியைச் சொல்லத்தான் வேண்டும்.

பழனிக்கு அருகே பொருந்தலில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் 2009-10இல் தோண்டியபோது, ஒரு சாடியில் சுமார் இரண்டு கிலோ நெல் கிடைத்தது. அந்த ஈமக்குழியில் கிடைத்த ஒரு பிரிமனையில் தமிழ்-பிராமி எழுத்துகள் இருந்தன. நெல்லுக்கு கி.மு. 490 என்று முடிவு வந்தது. நெல்லுக்கு வயது கிடைத்துவிட்டது, எழுத்துக்கு? சாடியையும் பிரிமனையையும் ஒரே நாளில் ஒரே கை வைத்தது என்று ஏற்றால்தான் எழுத்துக்கும் அதே வயது. கல்வெட்டறிஞர்கள் சிலர் தயங்கினார்கள். எழுத்தின் வடிவம் அவ்வளவு பழமையைக் காட்டவில்லை என்பது அவர்களுடைய வாதம். இந்த இடத்தில் துகள்முடுக்கிக்குச் சொல்ல ஒன்றுமில்லை. குழியில் மண்டியிட்டு அமர்ந்து, பொருட்கள் கிடந்த கிடையைப் பார்த்தவரின் கண்ணும், நூற்றுக்கணக்கான குகை எழுத்துகளைப் பார்த்துப் பழகிய கண்ணும்தான் பேச வேண்டும்.

அந்தக் கண் எப்படி உருவாகும் என்பதற்கு ஐராவதம் மகாதேவன் எடுத்துக்காட்டு. கரூருக்கு அருகே புகளூர்க் குன்றில், சமணத் துறவியருக்கு வெட்டிக்கொடுத்த படுக்கைகளின் எழுத்தை 1960களில் அவர் படித்தார். சேரல் இரும்பொறை, அவன் மகன், பேரன் என மூன்று தலைமுறை அதில் வந்தது. பதிற்றுப்பத்தை ஊன்றிப் படித்தவர் என்பதால்தான் அந்தப் பெயர்கள் யாருடையவை என்று அவரால் காண முடிந்தது. பாட்டும் பாறையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. செங்குட்டுவனை நிறுத்தக் கயவாகுவை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலை அதோடு தளர்ந்தது.

இன்று ஒரு அகழாய்வில் எத்தனை துறைகள்! கீழடியின் விலங்கெலும்புகள் புனே டெக்கான் கல்லூரிக்கும், பானையோடுகள் வேலூர் வி.ஐ.டி.க்கும் இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்துக்கும் போயின. கொந்தகைத் தாழிகளில் கிடைத்த மனித எலும்புகளின் மரபணு ஆய்வு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஒருவர் எல்லாமாக இருந்த காலம் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. என் வருத்தமெல்லாம் படிப்பவர்கள் குறைந்துவருவதைப் பற்றி. கல்லின் மேல் ஈரத்தாளை அடித்து எடுத்த தமிழ்க் கல்வெட்டுப் படிகள் ஆயிரக்கணக்கில் மைசூரில் அச்சேறாமல் நெடுங்காலம் கிடந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பப் பணம் ஒதுக்கும் அரசுகள், பழைய எழுத்தையும் பழைய தமிழையும் சேர்த்துப் படித்த இளைஞருக்கு நிலையான வேலையும் ஒதுக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாமல் மற்றது நிற்காது.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்பின் பயன்பாடு கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போகிறது என்றது. கார்பன் முறை, ஒளியுமிழ் முறை இரண்டும் கையாளப்பட்டன. மாதிரிகள் ஃபுளோரிடாவுக்கு மட்டுமல்லாமல் அகமதாபாத்துக்கும் லக்னோவுக்கும் போயின. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆய்வுக்கூடங்களைக் கேட்டது நல்ல வழக்கம். ஆனாலும் சிவகளைச் சான்றுகள் ஈமத்தாழிகளிலிருந்து வந்தவை. தாழியில் கிடந்த கரியும் இரும்பும் ஒரே காலத்தவையா என்ற பொருந்தல் கேள்வி அங்கேயும் எழுகிறது. அந்த மக்கள் வாழ்ந்த ஊரின் அடுக்குகளிலும், இரும்பை உருக்கிய உலைகளின் கசடுகளிலும் அதே காலம் கிடைக்கிறதா என்று தோண்டிப் பார்க்க வேண்டும். கிடைக்கும் எண் சிறிதாயினும் பெரிதாயினும் அதைக் கூட்டல் கழித்தலோடு அச்சிட வேண்டும்.