உங்களுக்குத் தெரியுமா? விலங்கு உருவம் பூணும் மனிதர்கள்

‘ஃபர்ரி’ என்றொரு ரசிகர் உலகம் இருக்கிறது. மனிதரைப் போலப் பேசி, நடந்து, உடுத்தும் விலங்குப் பாத்திரங்களை நேசிப்பவர்கள் அவர்கள். கைப்பேசியில் ஓநாய் முகமூடியும் ரோம உடையும் அணிந்தவர்களைப் பார்த்துவிட்டு, “இவங்க ஏன் இப்படி இருக்காங்க?” என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். காவிரிக் கடைமடைக்காரர்களான நம்மிடம் அதற்குச் சொல்ல நிறையவே உண்டு.

● மனித உருவம் வேண்டாமென்று வேறு உருவம் கேட்டவர் நம் காரைக்காலிலேயே பிறந்தவர். கணவன் தன்னைத் தெய்வமென வணங்கி விலகியதும், அவனுக்காகச் சுமந்த அழகை உதறிப் பேயுருவம் பெற்றார் புனிதவதியார். 63 நாயன்மார்களில் பெண்கள் மூவர்; அவர்களில் ஒருவர் இந்தக் காரைக்கால் அம்மையார். ஆனி மாதம் மாங்கனி இறைத்து இன்றும் அவரைக் கொண்டாடுகிறோம். கையில் தாளத்தோடு அமர்ந்திருக்கும் அவரது சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

● சிதம்பரத்துப் புலிக்கால் முனிவர் கேட்டது விலங்கின் கால்களை! வண்டு மொய்க்கும் முன்பே பூப்பறிக்க வேண்டும், வழுக்கும் மரத்தில் ஏற வேண்டும் என்பதற்காகப் புலிக்கால் வரம் பெற்றார் என்கிறது தலபுராணம்.

● ஃபர்ரிகளில் பெரும்பாலோர் தமக்கென ஒரு விலங்குப் பாத்திரத்தை உருவாக்கிக்கொள்கிறார்கள். பெயர், நிறம், குணம், கதை எல்லாம் அவரவர் கற்பனை. இதற்கு ‘ஃபர்சோனா’ என்று பெயர். ஓநாய், நரி, நாய், பூனை இனங்கள், டிராகன் ஆகியவை அதிகம் விரும்பப்படுகின்றன. தம்மை உண்மையிலேயே விலங்கென்று நம்புகிறவர்கள் இவர்களில் மிகச் சிலரே.

● ஃபர்ரிகளுக்கென நடந்த முதல் மாநாடு 1989 ஜனவரியில், கலிஃபோர்னியாவின் கோஸ்டா மேசாவில். வந்தவர்கள் 65 பேர். 1997-இல் தொடங்கிய ‘ஆந்த்ரோகான்’ 2006 முதல் பிட்ஸ்பர்க் நகரில் நடக்கிறது. 2024-இல் அதற்கு 17,000 பேருக்கு மேல் வந்தார்கள்.

● முழு உடை வைத்திருப்பவர்கள் ஃபர்ரிகளில் சிறு பகுதிதான். பலர் ஓவியம் வரைகிறார்கள், கதை எழுதுகிறார்கள், மற்றவர் வரைந்ததை விலைகொடுத்து வாங்கி ஓவியர்களை வாழவைக்கிறார்கள். கையால் தைக்கப்படும் ஒரு முழு உடைக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும்.

● அந்த உடைக்குள் வெக்கை தாங்காது. பார்வையும் சரியாகத் தெரியாது. அதனால் கைபிடித்து வழிகாட்ட ஒருவர் கூடவே வருவார். தலையைக் கழற்றி இளைப்பாற, மின்விசிறியும் தண்ணீரும் வைத்த தனி அறை மாநாடுகளில் உண்டு.

● நம் புலியாட்டக் கலைஞர் படும் பாடும் குறைந்ததல்ல. உடம்பெங்கும் மஞ்சள் பூசி, கறுப்புக் கோடு வரைந்து, அது காயும்வரை மணிக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு வால் கட்டி, பறையடிக்குப் பாய வேண்டும். தென்னிந்திய ஊர்கள் பலவற்றில் முகரம் ஊர்வலத்திலும் புலிவேடம் போட்டிருக்கிறார்கள்.

● தஞ்சைக்கு அருகே மெலட்டூர் பாகவத மேளாவில் நரசிம்மர் முகமூடி பூசைக்குரியது. அதை அணிபவர் விரதம் இருக்கிறார். ஆவேசம் வந்து பாயும்போது பிடித்துக்கொள்ள ஆட்கள் சுற்றி நிற்கிறார்கள்.

● ஃபர்ரிகளைப் பற்றிச் சமூக உளவியல் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். மற்றவர்களைவிட இவர்கள் சிறுவயதில் அதிகம் கேலிக்கும் கொடுமைக்கும் ஆளாகியிருக்கிறார்கள் என்பது அந்த ஆய்வுகளின் முக்கியமான முடிவு. “என்னை ஏற்றுக்கொள்ளும் இடம்” என்ற உணர்வே பலரை இங்கே இழுத்து வருகிறது.

● “ஃபர்ரி மாணவர்களுக்காகப் பள்ளிக் கழிப்பறையில் பூனைக்கு வைப்பதுபோல மண்தட்டு வைக்கிறார்கள்” என்று 2022-இல் அமெரிக்காவில் அரசியல்வாதிகள்கூடப் பேசினார்கள். செய்தியாளர்கள் விசாரித்தார்கள், வெறும் வதந்தி என்று தெரிந்தது.

● ஆந்த்ரோகான் ஆண்டுதோறும் ஓர் அறப்பணிக்கு நிதி திரட்டுகிறது. பெரும்பாலும் அது விலங்குகளைக் காக்கும் அமைப்புக்கே போகிறது.

பக்தி வேறு, பிழைப்புக்கான கலை வேறு, நட்பு வட்டம் வேறு. மூன்றையும் ஒன்றென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தன் உடம்பைத் தாண்டி இன்னோர் உருவத்தில் தன்னைத் தேடுகிற மனம் கேலிக்குரியதல்ல என்பதை அம்மையார் பிறந்த மண்ணுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்.

உங்கள் பிள்ளை ஒரு நரி முகத்தை வரைந்து, “இது நான்” என்று காட்டினால் சிரித்துவிடாதீர்கள். அதன் பெயரைக் கேளுங்கள், கதையைக் கேளுங்கள். வயது வந்தோருக்கு மட்டுமான படைப்புகளும் இந்த உலகில் உண்டு; ஆகவே இணையத்தில் யாரோடு பழகுகிறார்கள் என்பதையும் மிரட்டாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படியே, நம் ஊர்த் திருவிழாவில் புலியோ பொய்க்கால் குதிரையோ ஆட வந்தால், நின்று முழு ஆட்டத்தையும் பார்த்து, அந்தக் கலைஞருக்கு உரிய சன்மானத்தையும் மரியாதையோடு கொடுங்கள்.