அச்சில் வார்த்தவை – 9: குடிக்கிற அச்சு, குடிக்காத அச்சு

போன வாரம் சுவாமிமலையில் மெழுகை உருக்கி வடித்து, வெண்கலம் ஊற்றி, மண் அச்சை உடைத்தாயிற்று. ஓர் அச்சுக்கு ஒரே சிலை. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும். உடையாத அச்சுக்குப் போவோம், மோட்டார் சைக்கிளின் சைடு பேனலை ஃபைபரில் நகலெடுப்பதைப் பார்ப்போம் என்பது இந்த வாரத்துக்கான வாக்கு. அதற்கு முன் விருத்தாசலத்தில் இறங்கியே ஆக வேண்டும்.

விழுப்புரம்–திருச்சி ரயிலில் போகிறவர்களுக்கு இது ஒரு ஜங்ஷன். பக்தர்களுக்குப் பழமலைநாதர் இருக்கும் ஊர். வீட்டு மெயின் போர்டில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிக் கம்பி சுற்றியவர்களுக்கோ இது பீங்கான் ஊர். செராமிக் தொழிற்பேட்டையும் இங்கே உண்டு. பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசு நிறுவனமும் உண்டு. மண்ணுக்கு அலைய வேண்டியதில்லை, பக்கத்திலேயே நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது தலைகாட்டிய கறுப்புப் பொருள், அதாவது பழுப்பு நிலக்கரி, 1956இல் ஒரு பெரிய பொதுத்துறை நிறுவனமாக வளர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கறுப்புக்கு மேலே வெள்ளைக் களிமண்ணும் கிடந்தது என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

ஃபியூஸ் கேரியர் இரும்பு டையில் அழுத்தி எடுக்கிற சரக்கு. பொம்மையும் ஜாடியும் அப்படியல்ல, அவற்றுக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு. இரண்டு பாதிகளைச் சேர்த்து ரப்பர் பட்டையால் இறுக்கி, மேலே உள்ள வாயில் கரைசல் மண்ணை ஊற்றுகிறார்கள். விளிம்பு வரை நிரப்பியும் சற்று நேரத்தில் மட்டம் இறங்குகிறது. மறுபடி ஊற்றுகிறார்கள், மறுபடி இறங்குகிறது. எங்கும் ஒழுகவில்லை, அச்சு தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் போன இடத்தில் மண் துகள்கள் சுவரோடு ஒட்டி, தோலாகக் கட்டுகின்றன. வேண்டிய தடிமன் வந்ததும் அச்சைக் கவிழ்த்து நடுவில் மிஞ்சிய கரைசலை வடித்துவிட்டால் உள்ளே கூடான ஒரு பொம்மை நிற்கிறது. காயக் காயச் சுருங்கித் தானாகவே சுவரை விட்டு விலகும். பாதிகளைப் பிரித்து, பொருத்துக் கோட்டில் துருத்தும் வரப்பைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்தால் சூளைக்குத் தயார்.

இங்கேதான் இந்த வாரம் முழுவதையும் விழுங்கிய ஒரு விவரம் வருகிறது. ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரியில் சூடாக்கினால் அதில் பிணைந்திருக்கும் தண்ணீரில் முக்கால் பங்கு போய்விடும். மிஞ்சுவதுதான் பிளாஸ்டர் பவுடர். தண்ணீர் சேர்த்ததும் இழந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி ஜிப்சமாக இறுகும். வேதியியல் கணக்குப்படி 100 கிலோ பவுடர் இறுக 18.6 கிலோ தண்ணீர் போதும். ஆனால் அச்சுப் பட்டறையில் ஊற்றுவது ஏறக்குறைய 70 முதல் 80 கிலோ!

மிச்சமுள்ள ஐம்பது, அறுபது கிலோ எங்கே போகிறது? அச்சு உலரும்போது ஆவியாகிறது. அது குடியிருந்த இடமெல்லாம் மயிரிழைத் துளைகளாக நிற்கின்றன. கரைசலை உறிஞ்சுவது அந்தத் துளைகள்தான். கணக்குக்குச் சரியாகத் தண்ணீர் ஊற்றியிருந்தால், கலக்கவே முடியாது என்பது ஒருபுறம் இருக்கட்டும், கல்லாக இறுகிய ஓர் உருப்படாத அச்சுதான் கிடைத்திருக்கும். தண்ணீர் கூடினால் தாகம் கூடும், வலு குறையும். தண்ணீர் குறைந்தால் வலு கூடும், தாகம் போய்விடும். பிளாஸ்டர் கலக்குபவரின் கைத்திறன் முழுக்க இந்த இழுபறியில் இருக்கிறது. வார்க்க வார்க்க முகம் தேயும், துளை அடையும். நூறு வார்ப்பு தாண்டுவதே பெரிது.

ஜிப்சம் என்றதும் பெரம்பலூர் மாவட்டத்துக் காரையைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. அந்தச் செம்மண் ஓடைப் பள்ளங்களில் வெள்ளை நரம்பாக ஜிப்சம் ஓடுகிறது. சுமார் பத்து கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் படிவு அது. கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் தேடிப் புவியியல் மாணவர்கள் இன்றும் அங்கே அலைகிறார்கள். சரி, வண்டிக்கு வருவோம்.

யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரை தயாரானது. உற்பத்தி நின்று தலைமுறை ஒன்று கடந்தும் அதற்குத் தமிழ்நாட்டில் கிராக்கி குறையவில்லை. இன்ஜின் சாமானாவது தேடினால் கிடைக்கும். சைடு பேனல், ஹெட்லைட் டூம் போன்றவை உடைந்தால் சென்னை புதுப்பேட்டை வரை போய்த் துழாவ வேண்டும். அல்லது உடையாத ஒன்றை இரவல் வாங்கி அச்சு எடுக்க வேண்டும்.

இரவல் பேனலின் கீறலைப் பட்டி போட்டு அடைத்து, தேய்த்து, வாக்ஸ் பூசித் துடைக்கிறார்கள். மறுபடி பூசித் துடைக்கிறார்கள். அச்சு ஒட்டாமல் கழல, அதன்மேல் பிவிஏ திரவம் மெல்லிய சவ்வாகப் படிகிறது. பிறகு அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஜெல் கோட் என்ற மேற்பரப்பு ரெசின் பூச்சு. அது பிசுக்கு நிலைக்கு வந்ததும் கண்ணாடி இழை மேட்டைக் கிழித்துப் பரப்பி, பாலியெஸ்டர் ரெசினை பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஊற வைத்து, ரோலரால் காற்றுக் குமிழை விரட்ட வேண்டும். ரெசினில் கோபால்ட் முதலில், ஹார்ட்னர் கடைசியில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில். இந்த இரண்டையும் நேராகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். அதனால் பக்கத்தில் பக்கத்தில்கூட வைக்க மாட்டார்கள்.

உள்பக்கம் மடிந்த விளிம்பு இருந்தால் ஒற்றை அச்சு கழலாது. எங்கே பிரிப்பது என்பதை ரெசின் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பேனலின் நடுவே களிமண்ணால் ஒரு வரப்பு கட்டி, முதல் பாதியை எடுத்து, வரப்பை அகற்றி, அந்த விளிம்புக்கும் வாக்ஸ் பூசி மறுபாதி. பிறகு இரண்டையும் சேர்த்து போல்ட்டு. விருத்தாசலத்துப் பொம்மை அச்சின் அதே இரண்டு பாதி, அதே பொருத்துக் கோடு.

குணம் மட்டும் நேர் எதிர். பீங்கான்காரருக்கு உயிரான துளை, ஃபைபர்காரருக்கு எமன். ஊசிமுனைத் துளை இருந்தாலும் ரெசின் அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அச்சும் பாகமும் ஒன்றாகிவிடும். பிளாஸ்டர் அச்சில் ஃபைபர் வார்க்கவே முடியாது என்று அர்த்தமில்லை. நன்றாக உலர்த்தி, ஷெல்லாக் அடித்து, வாக்ஸ் ஏற்றித் துளையை எல்லாம் அடைத்துவிட்டு ஓரிரண்டு பாகம் எடுக்கிறவர்கள் உண்டு. குடிப்பதற்கென்றே பிறந்த அச்சுக்கு வாய்ப்பூட்டு.

சுருக்கத்திலும் இரண்டும் வெவ்வேறு. பீங்கான் காய்ந்து வெந்து முடிவதற்குள் நீளத்தில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைகிறது. அதனால் மூல பொம்மையைப் பெரிதாகவே செய்கிறார்கள். பாலியெஸ்டர் ரெசினும் இறுகும்போது கன அளவில் ஏழு சதவீதம் வரை சுருங்கும், ஆனால் கண்ணாடி இழை இழுத்துப் பிடிப்பதால் நீளத்தில் ஒரு சதவீதம்கூடக் குறையாது. சேஸிஸில் பொருத்தும்போது அந்தச் சிறு வித்தியாசமும் தெரியும் என்பதால் போல்ட்டுத் துளையை அச்சிலேயே வைப்பதில்லை. வண்டியில் வைத்துப் பார்த்துத்தான் துளைக்கிறார்கள்.

இதே கைவேலை விருத்தாசலம் இருக்கும் கடலூர் மாவட்டத்தின் கரையோரத்துக்குப் பழக்கமானது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்ட ஃபைபர் போட்டுகளும் அச்சுக்குள் ஜெல் கோட், மேட், ரெசின் என்று அடுக்கி எடுத்தவைதான். அமெரிக்காவின் கார்வெட் கார் 1953இலும், பெங்களூரின் சிபானி டால்ஃபின் 1982இலும் இந்த வழியில்தான் உடம்பு பெற்றன.

சைடு பேனல் சரி, பெட்ரோல் டேங்க்கையும் இப்படி எடுத்துவிடலாமே? அதையும் இந்த வாரமே முடிப்பதாக இருந்தது. பிளாஸ்டர் இடத்தைக் குடித்துவிட்டது. 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோல், சாதாரண பாலியெஸ்டர் ரெசினை என்ன செய்கிறது என்பது அடுத்த வாரம். தொழிற்சாலை கொடுத்த வடிவத்தை மாற்றும் வண்டிகள் பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் அப்போதே பார்த்துவிடலாம், டேங்க் இடம் விட்டால்.

(தொடரும்)