வாக்கும் உறுதியும்

காணி வாங்குவோர் நொத்தாரிசிடம் எழுதுவிக்கும் சாதனத்தை ஈழத்துத் தமிழர் 'உறுதி' என்பர். அறுதி உறுதி, நன்கொடை உறுதி, சீதன உறுதி என அதன் வகைகள் பல. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்தபோது, உடுபுடவையை மறந்தவர்கள்கூட உறுதிகள் இருந்த பையை மறந்திலர். இச்சொல்லையே வாக்கு என்பதன் பின்னே வைத்து 'வாக்குறுதி' என்கிறோம். முன்னையது பெட்டியிற் பூட்டிக் காக்கப்படுவது. பின்னையதோ, வாயினின்று புறப்பட்ட கணமே சொன்னவனை விட்டு நீங்கிக் கேட்டவன் நெஞ்சிற் சென்று தங்குவது.

சட்டம் வாய்ச்சொல்லை எளிதில் நம்புவதில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு ஒப்பமிடப்படாவிடிற் செல்லாது. மணம் முடிப்பதாகச் சொல்லிக் கைவிட்டவரிடம் நட்டஈடு கேட்பதற்கும், நமது பொது விவாகச் சட்டம் எழுத்திலான வாக்கையே வேண்டி நிற்கிறது. காதலர் கடற்கரையிற் பேசுவதை யார் எழுதிவைப்பர் என்று அது கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆயினும் ஓரிடத்தில் அதே சட்டம் வியக்கத்தக்க பெருந்தன்மை காட்டுகிறது. பதிலுக்கு ஒன்றும் பெறாது கொடுத்த வெறும் வாக்கு, ஆங்கிலச் சட்டத்திற் பொதுவாக ஒருவரைக் கட்டுப்படுத்தாது. இலங்கையில் வழங்கும் உரோமன் ஒல்லாந்தச் சட்டம் அவ்வாறன்று. சகோதரியொருவருக்குச் சகோதரர் பெருந்தொகை தருவதாகக் கொடுத்த வாக்குப் பற்றி எழுந்த வழக்கிலே, கைம்மாறு வேண்டுவதில்லை, கருத்தூன்றிச் சொன்ன சொல்லுக்கு நியாயமான காரணம் இருப்பின் அமையும், அறக்கடமை உணர்வும் அத்தகைய காரணமே என்று 1918இல் இலண்டன் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. சட்ட மாணவர் இதனைப் பாடமாகப் படிப்பர். ஏனையோரும் அறிந்திருத்தல் நன்று என்பது என் எண்ணம்.

எனினும், நாள்தோறும் நாம் கொடுக்கும் வாக்குகளுள் நீதிமன்றப் படி ஏறுவன எத்தனை? தீபாவளிக்கு முதல் வாரம் தையற்காரர் சொல்லும் 'நாளைக்கு' என்பது எந்த நாளை என்பதை ஊரே அறியும். அதில் வஞ்சனையில்லை, அதனை எவரும் வாக்காகக் கொள்வதுமில்லை. ஆனால், சீட்டுப் பிடிக்கும் பெண்களைப் பாருங்கள். மாதம் 5,000 ரூபாவாகப் பத்துப் பேர் கட்டும் சீட்டிலே, முதல் மாதமே 50,000 ரூபாவைப் பெற்றுக்கொண்டவர் மேலும் ஒன்பது மாதம் தவறாது கட்டவேண்டும். கொப்பி ஒற்றையில் எழுதிய பத்துப் பெயர்களே அங்கே சாதனம். கடைசி மாதத்துக்குக் காத்திருப்பவர், மற்றை ஒன்பது பேரின் வாய்ச்சொல்லை நம்பித் தம் வீட்டுக் காரியத்துக்கு நாள் குறித்திருப்பார்.

புறநானூற்றிலே வஞ்சினம் கூறும் மன்னரைக் காண்கிறோம். பகைவரை வெல்லேனாயின் மனையாளைப் பிரிவேனாக என்று சூளுரைத்தான் பூதப்பாண்டியன். மாங்குடி மருதன் முதலாய புலவர் தன் நாட்டைப் பாடாது ஒழியட்டும் என்றான் தலையாலங்கானத்து நெடுஞ்செழியன். தாம் மிக விரும்பிய வாழ்வையும் புகழையுமே அவர்கள் ஈடாக வைத்தனர். நம்மவரோ, எடுத்ததற்கெல்லாம் 'அம்மாளாணை' என்றும் 'பிள்ளையாணை' என்றும் சொல்லிவிடுகின்றனர். இங்கே ஈடுவைக்கப்படுவது சொல்பவருடைய உடைமையன்று. பாவம், தெய்வமும் குழந்தையும் அகப்படுகின்றன. ஆணைமேல் ஆணையிடுபவருக்குக் கைமாற்றுக் கொடுக்க ஊரிலே எவரும் முன்வரார் என்பதையும் கண்டிருக்கிறேன்.

ஒக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஜே. எல். ஒஸ்ரின் 1955இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரைகள், அவர் மறைந்தபின் 1962இல் நூலாக வெளிவந்தன. 'வாக்களிக்கிறேன்' என்பது ஒரு செய்தியைத் தெரிவிப்பதன்று, சொல்வதே அங்கு செயலாகிறது என்று அவர் விளக்கினார். மாணவருக்கு இதனைக் கற்பிக்கையில் நான் ஒன்று சேர்த்துச் சொல்வதுண்டு. செயல் சொன்னவருடையதாயினும், அதற்கான உழைப்புக் கேட்டவருடையது. அழுகையை நிறுத்துவதற்காக, 'ஞாயிற்றுக்கிழமை கீரிமலைக்குப் போவோம்' என்கிறார் தந்தை. பிள்ளை வெள்ளிக்கிழமையே உடுப்பை எடுத்து வைக்கிறது. அயல்வீட்டுத் தோழன் ஞாயிறன்று விளையாட வரும்படி அழைத்தபோது வரமாட்டேன் என்கிறது. இரவில் உறங்காமற் கேள்வி கேட்கிறது. ஞாயிறு வந்ததும், 'வேலை இருக்கிறது' என்ற இரண்டு சொல்லிலே தந்தை கணக்கை முடித்துவிடுகிறார். அவர் இழந்தது ஒன்றுமில்லை. பிள்ளை மூன்று நாளை இழந்தது. அடுத்த முறை தந்தை ஒன்று சொல்லும்போது, அவர் முகத்தைச் சற்றுக் கூர்ந்து பார்க்கவும் கற்றுக்கொண்டது.

வாக்கென்று எவரும் எண்ணாத வாக்கு ஒன்றும் நம் பேச்சில் உண்டு. படலையைத் தாண்டுபவர் 'போகிறேன்' என்று சொல்வதில்லை, அது அமங்கலம். 'போயிட்டு வாறன்' என்பதே வழக்கு. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும், கடலுக்குச் செல்லும் தொழிலாளியும், கொழும்புக்குப் பேருந்தேறும் உத்தியோகத்தரும் அதனையே சொல்கின்றனர். நாள்தோறும் காக்கப்படுவதால் அதன் பாரம் நமக்குத் தெரிவதில்லை.

திரும்பி வராதவர்களைத் தேடி, 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள், கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலிலே உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் அதற்கு முந்திய ஆண்டே நிறைவேறியிருந்தது. ஆட்சியாளர் கொடுத்த வாக்குகளை எழுத இப்பக்கம் போதாது. விடையறியாமலே கண்மூடிய பெற்றோர் பலர்.

எங்கள் பகுதியில் அத்தகைய தாய் ஒருவரிடம், மகனுக்கு மரணச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளும்படி உறவினர் ஒருவர் எடுத்துரைத்தபோது நானும் உடனிருந்தேன். உதவிப்பணம் கிடைக்கும், காணி அலுவல்கள் இலகுவாகும் என்றெல்லாம் அவர் நல்லெண்ணத்தோடுதான் விளக்கினார். அந்த அம்மா நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "போயிட்டு வாறன் அம்மா எண்டுதான் தம்பி அவன் சொன்னவன். போறன் எண்டு சொல்லேல்லை" என்றார்.